நாலாவதா வந்தா போதும்

எங்கள் வீட்டில் அக்காவின் வாய்க்குள் எது போவதானாலும் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். இருமல் மருந்தா, வைட்டமின் மாத்திரையா, புதுப் பற்பசையா, எதுவானாலும் நான் லேபிளைப் படித்து, விளையாட்டு வீரர்களுக்குத் தடை செய்யப்பட்ட மருந்துகளோடு ஒப்பிட்டு, 'போகலாம்' என்று சொல்ல வேண்டும். கல்லூரியில் வேதியியல் படிக்கிறேன் என்பதே இந்தப் பதவிக்கு என் தகுதி. வேதியியலில்தான் எனக்கு அரியர் இருக்கிறது என்பதை வீட்டில் யாரும் பெரிதுபடுத்தவில்லை.

அக்கா ஐயாயிரம் மீட்டர் ஓடுகிறவள். மைதானத்தைப் பன்னிரண்டரை முறை சுற்றி, புறப்பட்ட இடத்துக்கு நேர் எதிரே வந்து நிற்பதற்காக ஒருத்தி தன் வாலிபத்தை எல்லாம் செலவழிப்பது எனக்கு நெடுநாளாக விளங்கவே இல்லை. ஆனால் பதவி பதவிதான்.

என் பதவிக்கு வேட்டு விழுந்தது போன வருடம். அக்காவோடு பயிற்சி செய்யும் ஒரு பெண் கடையில் வாங்கிய புரோட்டீன் பவுடரைச் சாப்பிட்டாள். டப்பாவின் லேபிளில் இல்லாத ஏதோ ஒன்று டப்பாவுக்குள் இருந்தது. சோதனையில் மாட்டினாள், தடை விழுந்தது. தெரியாமல் சாப்பிட்டேன் என்று அவள் அழுதது எடுபடவில்லை. உடம்புக்குள் என்ன இருக்கிறதோ அதற்கு உடம்பின் சொந்தக்காரர்தான் பொறுப்பு என்பது அவர்கள் சட்டம்.

அன்றைக்கு அம்மா ஒரு கேள்வி கேட்டாள்.

"லேபிள்ல போடாததுதானடா உள்ள இருந்துச்சு?"

"ஆமாம்மா."

"அப்ப லேபிளைப் படிச்சு நீ என்னத்தைக் கிழிச்ச?"

அம்மா பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, எது புறப்படுகிறது, யாருடைய குழந்தை தொலைந்துபோய் அலுவலகத்தில் பிஸ்கட் தின்றுகொண்டிருக்கிறது என்பதை எல்லாம் ஊருக்குச் சொல்வது அவள் குரல்தான். அவளுக்கு மைக் என்பது வெறும் சம்பிரதாயம். அந்தக் குரலில் ஒரு முடிவு அறிவிக்கப்பட்டால் மறுபேச்சு கிடையாது. முடிவு இதுதான்: லேபிள் இருந்தால்தானே பொய் சொல்லும்? இனி லேபிளே இல்லாத பொருளாகப் பார்த்து வாங்குவது.

இதில் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. எங்கே என்றுதான் தெரியவில்லை.

பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு விதைக் கடை. வாசலில் வரிசையாகத் திறந்த மூட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி. அம்மா அங்கே போய் வகைக்குக் கொஞ்சம் அள்ளி வாங்கி வந்து, வறுத்து, மிக்சியில் பொடித்து, தினமும் பாலில் இரண்டு ஸ்பூன் கலந்து அக்காவுக்குக் கொடுக்க ஆரம்பித்தாள். எள், பூசணி விதை, சூரியகாந்தி விதை தவிர, சாம்பல் நிறத்தில் குட்டியாக, குண்டாக ஒரு விதையும் அதில் இருந்தது. அதன் பெயரை அம்மா கேட்கவில்லை. சத்தா என்று மட்டும் கேட்டாள். சத்துதான் என்றாராம் கடைக்காரர். அதுவரை அவர் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்.

தேர்வுப் போட்டி நாள் வந்தது. அக்கா விடியலிலேயே ஒரு டம்ளர் பாலைக் குடித்துவிட்டு மைதானத்துக்குப் போய்விட்டாள். முதல் இரண்டு இடம் பிடிப்பவர்களுக்கு நாட்டு அணியில் இடம், வெளிநாட்டுப் பயணம். முதல் மூன்று இடம் பிடிப்பவர்களுக்கு மருந்துப் பரிசோதனை. நாங்கள் கிளம்பும் நேரத்தில் அம்மா டப்பாவைத் தட்டிப் பார்த்தாள்.

"பொடி தீந்துடுச்சுடா. போற வழியில அந்தக் குட்டி விதையை மட்டும் வாங்கிட்டு வா. நான் பஸ் ஸ்டாண்ட் வாசல்ல நிக்கறேன்."

கடைக்காரர் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, சாம்பல் கலர்ல குண்டா ஒரு விதை இருக்குமே..."

"ஹெம்ப்பா? காலி தம்பி. நாளைக்கு வந்துடும். இப்ப அதுக்குத்தான் கிராக்கி. ஜிம்முக்குப் போற பசங்க, கிளி வளக்கறவங்க, எல்லாரும் அதான்."

"ஹெம்ப்னா என்னண்ணே?"

"கஞ்சாச் செடி தெரியும்ல? அதே குடும்பம். இது அதோட சாதுவான தம்பி. ஊருக்கு ஒரு தொந்தரவும் இல்லாதவன்." என் முகத்தைப் பார்த்து அவருக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். "பயப்படாத. போதை எல்லாம் கிடையாது. எங்க மாமியார் சாப்பிடறாங்க. குணத்துல ஒரு மாற்றமும் இல்ல. மாறினா நல்லாருக்குமேன்னு நானும் பாக்கறேன்."

"கழுவி விக்கறீங்களா?"

"விதையைக் கழுவி வச்சா முளைச்சுடாதா? மூட்டையில எப்படி வருதோ அப்படியே அள்ளிப் போட வேண்டியதுதான்."

மைதானத்துக்குப் போகும் பேருந்தில் நின்றுகொண்டே போனில் படித்தேன். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. விதைக்குள் போதை கிடையாது. ஆனால் செடியின் பிசின் விதையின் மேல்தோலில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். சுத்தம் செய்த விதையில் ஒன்றுமில்லாத அளவு. செய்யாத விதையில் எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. இன்னொரு வேடிக்கையும் இருந்தது. இந்தப் பொருளுக்குத் தடை போட்டியின்போது மட்டும்தான். போன மாதம் ஒரு சாதாரண நாளில் சோதித்திருந்தால் சீந்தியிருக்க மாட்டார்கள். ஆனால் அந்தப் பொருளுக்குக் காலண்டர் பார்க்கத் தெரியாது. அது கொழுப்பில் போய் ஒண்டிக்கொண்டு, காலி செய்யச் சொன்னாலும் அசையாத வாடகைக்காரனைப் போலச் சாவகாசமாக இருந்துவிட்டுத்தான் வெளியே வருமாம்.

அம்மாவிடம் சொன்னேன். பேருந்து நிலையத்தில் வேலை பார்ப்பவள், வாழ்க்கையில் முதன்முறையாக இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டாள்.

மைதானத்தின் பின்பக்கம், வீரர்கள் உடம்பைச் சூடேற்றிக்கொள்ளும் புல்தரையில் அக்காவின் பயிற்சியாளரைப் பிடித்து விஷயத்தைச் சொன்னேன். எந்நேரமும் கழுத்தில் ஊதல் தொங்குவதால் அவருக்கு விசில் என்று பெயர். அவர் என்னைக் கம்பி வேலிக்குப் பக்கமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"தம்பி, இது வெளிய போகக் கூடாது. முக்கியமா அவளுக்குத் தெரியக் கூடாது. ஓடறவ மனசுல ஒரு கல்லு விழுந்தா அது நேரா காலுக்குத்தான் இறங்கும். அவளுக்குத் தெரியவே கூடாது, புரியுதா?"

அதற்குள் அம்மா சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டாள் என்பது அந்தக் குரலுக்கு மரியாதைக் குறைவு. அறிவித்துவிட்டாள். குண்டு எறிகிற ஒரு பெண் குனிந்தபடியே திரும்பிப் பார்த்தாள்.

அக்கா புல்லில் உட்கார்ந்து ஷூ கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தாள். முழுவதையும் கேட்டாள். ஒரு காலின் முடிச்சைப் போட்டு முடித்துவிட்டு அடுத்த காலை எடுத்தாள்.

"பால் நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள்.

"விளையாடாதடி. பெத்தவளே இப்படிப் பண்ணிட்டேனேன்னு எனக்கு வயிறு எரியுது. பேசாம வயித்து வலின்னு சொல்லிட்டு வா, வீட்டுக்குப் போயிடலாம்."

"இல்லம்மா."

"மாட்டிக்கிட்டா? அந்தப் பொண்ணு மாதிரி வீட்டுல உக்காரணும். பேரும் போயிடும். ரோட்டுல போறவன் எல்லாம் கஞ்சாக்காரின்னு சொல்லுவான். யோசிச்சியா?"

"வெளிய போனா மட்டும்? அடுத்த தேர்வு வர்றப்ப எனக்கு வயசு எங்க இருக்கும்னு நீங்க யோசிச்சீங்களா?"

அம்மா யோசித்தாள். பிறகு, தகராறு செய்யும் இரண்டு பேருந்துகளுக்கு ஒரே மேடையில் இடம் பிரித்துக் கொடுக்கிற நிதானத்தோடு சொன்னாள்:

"அப்ப ஓடு. ஆனா நாலாவதா வா. மூணு பேரைத்தானே கூப்பிடுவாங்க? நாலாவதா வந்தா போதும். நாலாவது இடமும் நல்ல இடம்தான்டி. நாங்க யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டோம்."

அக்கா எழுந்து, மார்பில் குத்தியிருந்த எண்ணை நேராக்கிக்கொண்டாள். "பாக்கலாம்மா."

நானும் அம்மாவும் வளைவுக்குப் பக்கத்தில், தடுப்புக் கம்பியை ஒட்டி நின்றோம். இதற்கு முன்னால் அக்காவின் ஓட்டத்தை நான் பார்த்தது எல்லாம் விசில் எடுத்த வீடியோக்களில்தான். வீடியோவில் எல்லோரும் சுமாராக ஓடுவார்கள். நடுவில் வேண்டுமானால் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். திரும்பி வந்தாலும் ஓடிக்கொண்டிருப்பார்கள்.

துப்பாக்கி வெடித்தது. முதல் சுற்றில் அவர்கள் எங்களைக் கடந்தபோதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. ஓட்டம் என்பது ஒரு சத்தம். ஆணி வைத்த ஷூக்கள் தரையைப் பிய்க்கிற சத்தம், ஒரு டஜன் நெஞ்சுகள் காற்றை இழுத்து விடுகிற சத்தம், இரண்டும் சேர்ந்து ஏதோ ஒரு பெரிய மிருகம் பக்கத்தில் போவதுபோல வந்தது, போனது. அது கிளப்பிய காற்று என் சட்டையை அசைத்தது. நான் பேருந்தைப் பிடிக்க உயிரைக் கொடுத்து ஓடுகிற வேகத்தைவிட அது அதிகம். அந்த வேகத்தில் அவர்கள் இன்னும் ஓட ஆரம்பிக்கவே இல்லை. ஒருவரை ஒருவர் நோட்டம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அக்கா நாலாவதாக இருந்தாள்.

"நல்ல பொண்ணு" என்றாள் அம்மா. "பாத்தியா, அம்மா சொன்னா கேப்பா."

சுற்றுகள் போயின. அக்கா நாலாவதாகவே இருந்தாள். முன்னால் போகிறவளின் தோளுக்குப் பின்னால், காற்று படாத இடத்தில், எதையோ பத்திரமாக வைத்துக் கொண்டுபோகிறவள்போல ஓடினாள். மூன்றாவதாக ஓடியவள் ஒரு முறை தளர்ந்தாள். அக்கா அவளை முந்திவிடுவாள்போல இருந்தது. அம்மா கம்பியின் மேல் பாதி ஏறிவிட்டாள்.

"மெதுவா! மெதுவா போடி! அங்கயே இரு!"

மைதானமே கேட்டது. பக்கத்தில் தொப்பி போட்ட ஒருவர், வேறு யாருடைய அப்பாவோ, எங்களைப் பார்த்தார்.

"உங்க பொண்ணா?"

"ஆமா."

"முன்னாடி போறது பிடிக்கலையா?"

"நாங்க அளவான குடும்பம் சார்" என்றேன்.

கடைசிச் சுற்றுக்கான மணி அடித்தது. அந்தச் சத்தம் கேட்டதும் முன்னால் போன மூவரும் வேகம் எடுத்தார்கள். அக்கா எடுக்கவில்லை. அவர்களுக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு இடைவெளி விழுந்தது. அம்மா கண்ணை மூடி, "போதும் தாயே, போதும்" என்று யாருக்கோ நன்றி சொன்னாள். எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் நெஞ்சுக்குள் ஏதோ தொப்பென்று உட்கார்ந்ததுபோல இருந்தது. இந்தப் பாலையும் விதையையும், விடியலில் கதவு சாத்துகிற சத்தத்தையும், காய்ந்த காலுறைகள் கொடி முழுக்கத் தொங்கியதையும் நினைத்துக்கொண்டேன்.

எதிர்ப்பக்க நேர்பாதையில்தான் அது நடந்தது. அவளிடம் ஏதோ மாறியது. வேகம் என்று அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, முதலில் தெரிந்தது வேகமே இல்லை. அவள் நிமிர்ந்தாள். தலை அசைவது நின்றது. கைகள் மட்டும் போய் வந்தன. அவ்வளவு நேரமும் ஓடிக்கொண்டிருந்தவள் எங்கோ இறங்கிப் போய்விட்டு, அந்த இடத்துக்கு வேறு ஒருத்தி வந்ததுபோல இருந்தது. இடைவெளி சுருங்கியது. மூன்றாவதாக ஓடியவளைக் கடந்தது எனக்குத் தெரியவே இல்லை. அந்தப் பெண் தானாகவே பின்னால் வந்ததுபோலத் தோன்றியது.

கடைசி வளைவில் எங்களை நோக்கி வந்தாள். முகத்தைப் பார்த்தேன். சாப்பாட்டு மேஜையில் எதிரே உட்கார்ந்து ரிமோட்டுக்காக என்னைக் கிள்ளுகிற முகம். அதில் வலி இருந்தது. பயம் இல்லை. என்னையும் அம்மாவையும் பார்த்த அடையாளமும் இல்லை. அவள் இருந்த இடத்தில் நாங்கள் யாரும் இல்லை. அங்கே போக எங்களுக்கு வழியும் தெரியாது. இவளுடைய பற்பசைக்கு நான் அனுமதி கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது என் காதுக்குப் பக்கத்தில் வெடித்தது.

"ஓடுடி! என் தங்கமே, விடாத! ஓடு, ஓடு, ஓடு!"

அம்மாதான். கம்பியின் மேல் முழுவதும் ஏறி நின்றிருந்தாள். தொப்பிக்காரர் காதைப் பொத்திக்கொண்டார்.

அக்கா இரண்டாவதாக வந்தாள்.

கோட்டைத் தாண்டியவள் தரையில் மல்லாந்து விழுந்தாள். நான் ஓடிப்போவதற்குள் ஆரஞ்சு மேலங்கி போட்ட ஒரு பெண் அவள் பக்கத்தில் நின்றாள். "வாழ்த்துகள். உங்களை மருந்துப் பரிசோதனைக்குக் கூப்பிடறோம். சாம்பிள் குடுக்கற வரைக்கும் நான் உங்ககூடவே இருப்பேன்." அக்கா படுத்தபடியே தலையை ஆட்டினாள். அதன் பிறகு அக்கா முகம் கழுவினால் அந்தப் பெண் கண்ணாடியில் தெரிந்தாள். அக்கா ஸ்வெட்டர் போட்டால் அந்தப் பெண் கையைப் பார்த்தாள். எங்கள் உறவில் யாரும் யாரையும் இவ்வளவு அக்கறையாகப் பார்த்துக்கொண்டதில்லை.

வீரருக்குத் துணையாக ஒருவர் உள்ளே போகலாம். விசிலைத் தேடினேன். அவருக்கு அவசரமாக ஒரு போன் வந்துவிட்டது. போனைக் காதில் வைத்துக்கொண்டு மைதானத்தின் மறுகோடியில் நடந்துகொண்டிருந்தார். அந்த போன் ஒலித்ததை யாரும் கேட்கவில்லை. நான் போனேன்.

அறை ஒரு பல் மருத்துவரின் காத்திருப்பு அறைபோல இருந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள், சீல் உடைக்காத தண்ணீர் பாட்டில்கள் அடுக்கிய ஒரு கண்ணாடிக் குளிர்பெட்டி, சத்தம் இல்லாமல் ஓடும் டி.வி. முதலாவதாக வந்தவளும் மூன்றாவதாக வந்தவளும் ஆளுக்கொரு மூலையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். சற்று முன் காற்றைக் கிழித்தவர்கள் இப்போது ஒண்ணுக்கு வரவில்லையே என்று கவலையோடு உட்கார்ந்திருந்தார்கள். வியர்வையில் எல்லாம் போய்விட்டதால், உடம்பு கொடுக்க மாட்டேன் என்கிறது. இதில் ஜெயித்தவள் தோற்றவள் வித்தியாசம் இல்லை.

மேஜைக்கு அந்தப் பக்கம் அதிகாரி. மூக்குக் கண்ணாடி போட்ட, சளி பிடித்த அம்மாள்.

"கடைசி ஒரு வாரத்துல ஏதாவது மருந்து, மாத்திரை, சத்துப் பொருள் எடுத்திருக்கீங்களா?"

மேஜைக்கு அடியில் அக்காவின் காலை மிதித்தேன். ஓட்டக்காரியின் காலை மிதிப்பது மரக்கட்டையை மிதிப்பது மாதிரி. அவளுக்கு உறைத்ததாகவே தெரியவில்லை.

"விதைப் பொடி. பால்ல கலந்து. அதுல ஹெம்ப் விதை இருந்திருக்கு. இன்னைக்குக் காலையில வரைக்கும் குடிச்சேன்."

பேனா நின்றது. அதிகாரி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"ஹெம்ப்னு தெரிஞ்சா சாப்பிட்டீங்க?"

"ஓடறதுக்கு முன்னாடிதான் தெரிஞ்சுது."

"தெரிஞ்சும் ஓடினீங்க?"

"ஆமா."

"யார் குடுத்தது?"

"எங்க அம்மா."

அதிகாரி மூக்கை உறிஞ்சினார். "எழுதிக்கறேன். ஆனா இதை எழுதறதால சோதனையில எதுவும் மாறாது. அளவுக்கு மேல வந்தா வந்ததுதான். புரியுதா?"

"புரியுது."

நாற்காலிக்குத் திரும்பியதும் அக்காவின் காதில் சீறினேன். "யாரு கேட்டா? பூசணி விதைன்னு சொல்லி முடிச்சிருக்கலாம்ல?"

"டேய், மூச்சே பத்தலடா. இதையும் தூக்கிட்டு என்னால ஓட முடியாது." பாட்டிலை என்னிடம் நீட்டினாள். "இதைத் திற. திறக்க வர மாட்டேங்குது."

அப்போதுதான் பார்த்தேன். பன்னிரண்டரைச் சுற்று ஓடியவளால் ஒரு பாட்டில் மூடியைத் திருக முடியவில்லை.

மற்ற இருவரும் கொடுத்துவிட்டுப் போனார்கள். அக்கா குடித்தாள், நடந்தாள், குடித்தாள். ஒரு முறை ஆரஞ்சு மேலங்கியோடு உள்ளே போய்வந்தாள்; அளவு போதாது, இன்னும் வேண்டும் என்றார்கள். அம்மா வெளியே கதவுக்கு அந்தப் பக்கம் நின்று, கிசுகிசுப்பதாக நினைத்துக்கொண்டு, "குழாயைத் திறந்துவிட்டுப் பாக்கச் சொல்லுடா, சத்தம் கேட்டா வரும்!" என்றாள். அதிகாரி முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிட்டார்.

வந்தது.

அக்காவே அதை இரண்டு கண்ணாடிக் குப்பிகளில் ஊற்றி, மூடிகளைத் திருகினாள். ஒவ்வொரு திருகலுக்கும் டிக் டிக் என்று ஒரு சத்தம். ஒருமுறை மூடினால் உடைக்காமல் திறக்க முடியாத மூடி. அதிகாரி குப்பிகளைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தார். விடியற்காலைகள், வாலிபம், வெளிநாடு, பேர், அம்மாவின் பால், எல்லாம் சேர்ந்து இளமஞ்சள் நிறத்தில் ஒரு துளியும் சிந்தாமல் நின்றன. நான் அதைப் பார்த்துக் கும்பிடாததுதான் குறை.

"ஒண்ணும் இல்லன்னா நாங்க கூப்பிட மாட்டோம்" என்றார் அதிகாரி. "இருந்தா கூப்பிடுவோம்."

அதற்குப் பிறகு வீட்டில் போன் அடித்தால் மூன்று பேரும் அதைப் பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்தோம். கடன் அட்டை வேண்டுமா என்று கேட்ட ஒரு பெண்ணிடம் அம்மா கண் கலங்கி, "நீங்கதானாம்மா? ரொம்ப சந்தோஷம்" என்றாள். அக்கா மட்டும் வழக்கம்போல விடியலில் கதவைச் சாத்திக்கொண்டு ஓடப் போனாள். அணியில் இருப்பாளா என்று தெரியாமல், அணிக்கான பயிற்சியை ஒரு நாள் விடாமல் செய்தாள். நான் படுக்கையில் விழித்துக் கிடந்து, அந்தக் கதவுச் சத்தத்துக்காகக் காத்திருக்க ஆரம்பித்தேன். பால் வெறும் பாலாகவே வந்தது.

ஒரு மதியம் போன் அடித்தது. அக்கா பயிற்சி முடித்து வந்து சோபாவில் அப்படியே தூங்கிவிட்டிருந்தாள். தெரியாத எண். விளையாட்டுச் சங்கத்திலிருந்து பேசுவதாக ஒரு ஆண் குரல் சொன்னது. அம்மா சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"டெஸ்ட் க்ளியர் ஆனவங்களுக்குத்தான் சார் இப்ப கூப்பிட்டுக்கிட்டு இருக்கேன். டீம் கோட் தைக்கணும். தோள், நெஞ்சு, கை நீளம், மூணும் வேணும். இன்னைக்கே சொல்லிட்டா நல்லது."

நான் அதை அம்மாவிடம் திரும்பச் சொன்னேன். பேருந்து நிலையத்தையே அதிர வைக்கிற அம்மாவின் குரல் எங்கே போனது என்றே தெரியவில்லை. உள்ளே போய்த் தையல் மிஷினின் இழுப்பறையிலிருந்து டேப்பை எடுத்து வந்தாள். எழுப்பலாம் என்றேன், வேண்டாம் என்று தலையாட்டினாள்.

சோபாவுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, டேப்பின் ஒரு நுனியை அக்காவின் ஒரு தோளில் வைத்து மறு தோளுக்கு இழுத்தாள். டேப்பைப் பார்த்தாள். நம்பாமல் மறுபடி வைத்துப் பார்த்தாள்.

"இவ்வளவுதானாடா இவ தோள்?" குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. "இந்த உடம்புல எங்கடா வச்சிருந்தா, அந்தக் கடைசி ரவுண்டை?"

எனக்குத் தெரிந்த வேதியியலில் அதற்குப் பதில் இல்லை. அரியர் இல்லாதவர்களுக்கும் தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன். அம்மா டேப்பை நெஞ்சைச் சுற்றிக் கொண்டுவந்தாள்.

"அம்மா" என்றாள் அக்கா, கண்ணைத் திறக்காமல். "கூசுது."